நூற்று எண்பத்திரண்டு சென்டிமீட்டர்

பினாங்குத் தீவிலிருந்து பட்டர்வொர்த் போகும் காலை ஆறரை மணிப் படகில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கிளிஃபர்டும் வழக்கமாக அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு கோப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு இரவு தள்ளிப் போட்ட வேலை.

ஆறாம் ஆண்டு அறிவியல் கோப்பு அது. ஜனவரியில் பட்டர்வொர்த்திலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோது, முன்பிருந்த ஆசிரியை விட்டுப்போனதென்று அவன் கையில் கொடுத்தார்கள். 'உந்துவிசை' என்ற பகுதியில் ஒரு சோதனை. சாய்த்து வைத்த பலகையிலிருந்து பொம்மைக் காரை விடவேண்டும், தள்ளக்கூடாது. கீழே மூன்று வகைப் பரப்பு. கார் எதில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து, சொரசொரப்பு கூடினால் உராய்வும் கூடும், தூரம் குறையும் என்று பிள்ளைகள் முடிவு எழுதவேண்டும். மொசைக் தரை 182 சென்டிமீட்டர், மணிலா அட்டை 140, துவாலை 61 என்று அட்டவணை இருந்தது. பக்கத்தைப் புரட்டினான். அதற்கு முந்தைய ஆண்டும் 182, 140, 61. அதற்கும் முந்தைய ஆண்டும் அதேதான். படங்களில் பிள்ளைகள் மாறியிருந்தார்கள், காரும் சிவப்பிலிருந்து நீலமாகியிருந்தது. எண்கள் மட்டும் இம்மி நகரவில்லை.

யாரோ குந்தின இடத்திலேயே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தான் கிளிஃபர்ட். நினைத்துவிட்டு, தன் பாடத்திட்டத்தில் 'எதிர்பார்க்கும் முடிவு' என்ற கட்டத்தில் 182, 140, 61 என்று தானும் எழுதினான். படகு துறையில் இடித்து நின்றது. எல்லாரும் விழித்துக்கொண்டு சாவியைத் திருகினார்கள்.

மறுநாள் புதன்கிழமை இரண்டாம் பாடவேளையில் தலைமையாசிரியர் நவமணி டீச்சர் அவன் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். அவன் இடைக்கால ஆசிரியர். ஒப்பந்தம் இந்தத் தவணையோடு முடிகிறது. அடுத்த ஆண்டும் இருக்கவேண்டுமானால் அவர் ஒரு பாடத்தைப் பார்த்து, படிவத்தை நிரப்பி, பரிந்துரை எழுதவேண்டும். அந்த ஒரு தாளில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளிஃபர்டுக்கு இருபத்தேழு வயது. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னாலுள்ள அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பா வின்சென்ட் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா அமலம்மாள் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில், அவர்கள் வாயில் கிலாங்கில், இருபத்திரண்டு ஆண்டாக வேலை. உருப்பெருக்கிக்குக் கீழே சில்லுகளைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியைக் கூட கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பாள். இருபக்கச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்தவன் இவன் ஒருவன்தான். இயற்பியல் படித்தான். அது என்ன வேலைக்கு என்று கோயிலில் யாராவது கேட்டால், அம்மா தடுமாறிவிட்டு "வாத்தியார் வேலைக்கு" என்று சொல்லிவைத்தாள். சொன்னபோது அது பொய். பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்கும் வேலை இவன் தலையில் விழுந்தது.

பட்டம் வாங்கிய பிறகு எட்டு மாதம் கிலாங்கில் தரம் பார்த்தான். ஆள் குறைத்தார்கள். ஒன்றரை ஆண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஜார்ஜ் டவுனில் எந்தக் கடை எத்தனை நிமிடம் காக்க வைக்கும் என்பது இன்றும் மனப்பாடம். ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு முறை நேர்காணலுக்குப் போனான், இரண்டு முறையும் இல்லையென்று வந்தது. இரண்டாவதில் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்ததைச் சொன்னான். திரும்பி வரும்போது டத்தோ கிராமாட் சாலை விளக்கில் நின்றபடி, உண்மையான பதில் என்ன என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். வண்டியைக் கிளப்பினான்.

அந்த உண்மையான பதில் இப்போதும் கிடைத்தபாடில்லை. ஆறாம் ஆண்டில் பத்தொன்பது பிள்ளைகள். அறிவியலோடு உடற்கல்வியும் நன்னெறியும் அவனுக்கே. மீதி நேரத்துக்குக் கணினியில் ஏற்றவேண்டிய விவரங்கள். தனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா, அல்லது அடுத்த வேலையைத் தேடும் தெம்பு இல்லையா என்று படகில் சில சமயம் யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

புதன்கிழமை நவமணி டீச்சர் மணி அடித்த கையோடு வந்து, பின் வரிசையில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயது, முட்டிவலி, எதையும் உரக்கச் சொல்லமாட்டார். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

கிளிஃபர்ட் மூன்று இடத்தில் சோதனையை அமைத்திருந்தான். மேசைகளை நகர்த்த இடம் கிடைத்தபடி, மொசைக் தரைக் குழுவின் பலகை கரும்பலகையைப் பார்த்து இருந்தது. துவாலைக் குழுவின் பலகை பின் கதவைப் பார்த்து இருந்தது. மணிலா அட்டை குறுக்கே, ஜன்னலோரம். கேள்வி என்ன, எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்று இரவு கண்ணாடி முன் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தான். காரை மட்டும் ஒரு முறை கூட விட்டுப் பார்க்கவில்லை.

"தள்ளாதீங்க. கையை எடுத்தா போதும்," என்றான்.

கார்கள் ஓடின. அளவுநாடா விரிந்தது. கொஞ்ச நேரத்தில் மொசைக் தரைக் குழுவில் முணுமுணுப்பு கேட்டது.

"சார், நம்ம காருக்கு பெட்ரோல் இல்ல லா," என்றான் ரயன். வகுப்பு சிரித்தது.

கிளிஃபர்ட் போய்ப் பார்த்தான். எண்பத்தெட்டு சென்டிமீட்டர். மறுபடி விடச் சொன்னான். எண்பத்தேழு. துவாலைக் குழு அந்தப் பக்கத்திலிருந்து, "சார், எங்களுக்கு தொண்ணூத்தஞ்சு!" என்று கத்தியது. வழவழப்பான மொசைக்கில் கார் சீக்கிரமே நின்றுவிட்டது, சொரசொரத்த துவாலையில் அதைவிட அதிகம் போனது. மணிலா அட்டை மட்டும் நூற்று முப்பத்தெட்டு என்று ஒழுங்காக நின்றது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலேயே, ஒவ்வொருவராகக் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். கிளிஃபர்ட் ஒரு நோட்டை எட்டிப் பார்த்தான். 182. பக்கத்து நோட்டிலும் 182. அண்ணன் அக்காமாரின் பழைய நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. இந்தப் பாடத்துக்கு இதுதான் விடை என்று எல்லாருக்கும் தெரியும்.

மொசைக் குழுவில் அதிரா என்ற பெண் மட்டும் எழுதாமல் கையைத் தூக்கினாள். ஒல்லியான பிள்ளை, எதையும் இரண்டு முறை கேட்கிறவள்.

"சார், எது எழுதறது? அளந்ததா, இல்ல விடையா?"

பின்னால் நவமணி டீச்சரின் பேனா நின்றது. கிளிஃபர்டுக்கு ஒரு கணம் சாப்பாட்டுப் பொட்டல நாட்கள் ஞாபகம் வந்தன. வாசலில் நின்று, 'தப்பான ஆர்டர்' என்று சொல்லப்படும் கணம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

"அளந்தத எழுது," என்றான்.

"அப்போ துவாலைதான் வழவழப்பா?"

கிளிஃபர்ட் குனிந்து காரை எடுத்தான். காரின் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான். முடி சிக்கியிருக்கிறதா என்று தடவினான். மணி அடித்தது. முடிவு எழுதாமலேயே நோட்டுகள் மூடப்பட்டன.

நடைபாதையில் நவமணி டீச்சர் மெதுவாக நடந்தார். "சார், நீங்க முன்னாடி செஞ்சு பாக்கலையா?"

"பாக்கல டீச்சர்."

"பரீட்சைத் தாள்ல ஒரே கேள்விதான் வரும். எதுல கார் ரொம்ப தூரம் போகும்? இன்னைக்கு இந்தப் பிள்ளைங்க துவாலைன்னு எழுதுனா நீங்க மார்க் குடுப்பீங்களா?"

கிளிஃபர்ட் இல்லையென்று தலையசைத்தான்.

"இன்னைக்கு படிவத்துல எழுதுனத விட்டுடறேன். நாளைக்கும் உங்களுக்கு ஒரு பாடவேளை இருக்கு. மறுபடி செய்ங்க, வந்து பாக்கறேன். வெள்ளிக்கிழமை படிவம் போகணும். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

பள்ளி விட்ட பிறகு கிளிஃபர்ட் வகுப்பில் தனியாக உட்கார்ந்தான். பசித்தது. எழுந்து போய்ச் சாப்பிடத் தோன்றவில்லை. காரை விட்டான், எண்பத்தெட்டு. மறுபடி விட்டான், எண்பத்தெட்டு. கோப்பில் எழுதினவர் கெட்டிக்காரர் என்று நினைத்தான். தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினான். சட்டைப் பையிலிருந்த பேனா நழுவி விழுந்தது, உருளும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து, நிற்கும் என்று பார்த்தான். பேனா மேசைக் கால்களுக்கிடையே புகுந்து, பின் கதவுப் படியில் போய் முட்டிக்கொண்டது.

எழுந்து உட்கார்ந்தான். ஒரு கோலிக்குண்டைத் தேடியெடுத்துத் தரையில் வைத்தான். வைத்ததுதான் தாமதம், அதுவும் பின் கதவை நோக்கிக் கிளம்பியது. தரை முழுக்கவே அந்தப் பக்கம் சரிந்திருந்தது. மொசைக் குழுவின் கார் மேட்டில் ஏறியிருக்கிறது, துவாலைக் குழுவின் கார் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. உராய்வு மட்டுமல்ல, புவியீர்ப்பும் சேர்ந்து விளையாடியிருக்கிறது. மணிலா அட்டை குறுக்கே இருந்ததால் தப்பியது. நான்கு ஆண்டு இயற்பியல் படித்தவன் அதன்மேல் ஏழு மாதமாக நடந்துகொண்டிருந்திருக்கிறான்.

எல்லாவற்றையும் குறுக்கே திருப்பி வைத்து விட்டுப் பார்த்தான். மொசைக் நூற்று எண்பது. துவாலை அறுபத்திரண்டு. கோப்பில் இருந்த எண்கள் கிட்டத்தட்ட அப்படியே வந்து நின்றன. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. நாளைக்குக் குறுக்கே வைத்தால் போதும். முப்பது நிமிடத்தில் பாடம் முடியும், படிவம் நிறையும்.

வியாழக்கிழமை அப்படித்தான் வைத்தான். நவமணி டீச்சர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கார்கள் ஒழுங்காக ஓடின. நூற்று எண்பத்தொன்று, நூற்று முப்பத்தொன்பது, அறுபது. பிள்ளைகள் நிம்மதியாக எழுதினார்கள். பதினைந்து நிமிடம் மீதியிருந்தது. 'சரி, இப்போ முடிவு எழுதலாம்' என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

அதிரா கையைத் தூக்கினாள்.

"சார், அப்போ நேத்து நாங்க அளந்தது தப்பா?"

தப்பு என்று சொல்லியிருக்கலாம். பிறகு பேசலாம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே வாய் வரை வந்தன. டீச்சரைப் பார்த்தான். அவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சரியாத்தான் அளந்த," என்றான். "எல்லாரும் மேசை மேல இருக்கற பென்சிலக் கீழ வைங்க. உருட்டாதீங்க, வச்சுட்டு கைய எடுங்க."

பத்தொன்பது பென்சில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின் கதவுக்குக் கிளம்பின. வகுப்பே தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

"இது தெரிஞ்சதுதான சார்," என்றான் பின் வரிசை ரயன். "எல்லார் பென்சிலும் என்கிட்டதான வரும். டப்பாவே நெறஞ்சுடுச்சு."

"டேய், அப்போ என் ரப்பரும் நீதானா எடுத்த?"

"எடுக்கல லா. அதுவா வந்துச்சு."

"ஏன் அதுவா வந்துச்சு?" என்று கேட்டான் கிளிஃபர்ட்.

அங்கே ஆரம்பித்தது. தரை கோணல் என்றாள் ஒருத்தி. பூமி இழுக்கிறது என்றான் ஒருவன். அப்படியென்றால் நேற்று மொசைக் கார் ஏறு ஏறு என்று ஏறியிருக்கிறது, பாவம் என்றாள் அதிரா. துவாலை ஏமாற்றிவிட்டது என்று ஒரு கட்சி, தரைதான் ஏமாற்றியது என்று ஒரு கட்சி. ஒருவன் காரைத் துவாலையில் மேட்டுப் பக்கம் விட்டுப் பார்க்க, அது பாதியில் சோர்ந்து நின்றது. சிலர் தரையில் படுத்தபடியே நோட்டில் முடிவை எழுதினார்கள். நாலைந்து பிள்ளைகள் எதுவும் புரியாமல் பென்சில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கிளிஃபர்டுக்கு அவர்களும் கண்ணில் பட்டார்கள். அவர்களிடம் போவதற்குள் மணி அடித்துவிட்டது.

நவமணி டீச்சர் எழுந்து, பத்தொன்பது நோட்டுகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை இடைவேளையில் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் நோட்டுகள் இருந்தன, பக்கத்தில் அறிவியல் கோப்பு. இந்த ஆண்டுப் பக்கத்தில் கிளிஃபர்ட் எழுதியிருந்த அட்டவணை திறந்திருந்தது. புதன்கிழமை எண்கள், வியாழக்கிழமை எண்கள், கீழே 'தரை பின் கதவை நோக்கிச் சரிந்துள்ளது' என்று ஒரு வரி.

"பழைய பக்கங்களப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் டீச்சர். மூணு வருஷமும் ஒரே நம்பர்."

"உக்காந்து எழுதினதுன்னு நெனச்சீங்க."

அவன் தலையைக் குனிந்தான். ஆமாம் என்பதற்கு அது போதும்.

"நூத்தி எம்பத்திரெண்டு நான் அளந்தது," என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அப்போ நான்தான் அறிவியல். பழைய கட்டடத்துல. மூணு நாள் பிள்ளைங்களோட தரையில கெடந்து அளந்தோம், எனக்கு முட்டி அப்போ நல்லாயிருந்துச்சு. அப்பறம் அந்தக் கட்டடத்தைக் கரையான் அரிச்சுடுச்சு. ஆறாம் ஆண்ட இங்க மாத்துனோம். இது பழைய கேண்டீன். தண்ணி ஊத்திக் கழுவினா பின்னாடி வடியணும்னு சாய்ச்சுக் கட்டின தரை. எனக்குத் தெரியும் அது. ஆனா என் நம்பர இங்க யாரும் அளந்து பாக்கலன்னு எனக்குத் தோணவே இல்ல."

வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கோப்பில் கையெழுத்துப் போட்டு மூடினார். பிறகு படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"இத ரெண்டு தடவ எழுதிப் பாத்தேன். பாடக் குறிக்கோள் என்ன? மாணவர் உராய்வப் பத்தி முடிவு எழுதணும். பத்தொம்பது நோட்டையும் பாத்துட்டேன். ஏழு பேர் எழுதியிருக்காங்க. ஏழும் நல்லா எழுதியிருக்கு, அதிரா ஒரு பக்கமே எழுதியிருக்கா. பன்னெண்டு பேர் எழுதல. அதுல நாலு பேர் நோட்டு ஓரத்துல துவாலைதான் வழவழப்புன்னு இன்னும் கிறுக்கி வச்சிருக்காங்க."

"தெரியும் டீச்சர்."

"அதனால 'எட்டப்படவில்லை'ன்னு போட்டிருக்கேன். ஏன்னா எட்டல. நான் வேற மாதிரி எழுதலாம். ஆனா நீங்க அந்தப் பிள்ளைகிட்ட அளந்தத எழுதுன்னு சொன்னப்போ நானும் அங்கதான இருந்தேன்."

கிளிஃபர்ட் படிவத்தைப் படித்தான். 'மாணவர் கேள்விக்கு இடமளிக்கிறார்' என்ற வரிக்கு நேரே முழு மதிப்பெண். நேரம், குறிக்கோள், முடிவு மூன்றுக்கும் குறைந்த மதிப்பெண். எதையும் மறுக்க முடியவில்லை. மறுக்க முடிந்திருந்தால் மனம் இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தை ஏன் செலவழித்தான் என்று முந்தின இரவு நெடுநேரம் யோசித்திருந்தான். அதிராவுக்காகவா, உண்மைக்காகவா, அல்லது தரைச் சாய்வைக் கண்டுபிடித்த தன் கெட்டிக்காரத்தனத்தை யாருக்காவது காட்டவா? மூன்றும் கலந்துதான் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

"இதோட போனா பரிந்துரை நிக்குமா டீச்சர்?"

"நிக்காது, சார். ஒரு எடத்துக்குப் பத்துப் பேர் வரிசையில நிக்கறாங்க. அடுத்த வருஷம் இந்த வகுப்புக்கு வேற ஆளதான் அனுப்புவாங்க." உறையை எடுத்தபடி, "வேற பள்ளிக்கு மனு போட்டீங்கன்னா என் பேர எழுதுங்க. கேட்டா, நான் பாத்தத சொல்வேன்," என்றார்.

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். தேதியும் போட்டான். டீச்சர் படிவத்தை உறையில் நுழைத்தார், பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நோட்டுகளை அவன் கையில் அடுக்கி வைத்தார். எழுதாத பன்னிரண்டும் மேலே இருந்தன. அப்படி அவர்தான் பிரித்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது நன்னெறிப் பாடம், அதே வகுப்பு. கிளிஃபர்ட் உள்ளே போனபோது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். நோட்டுகளை மேசையில் வைத்தான். வீட்டில் அம்மாவிடம் எப்போது சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஒரு நிமிடம் ஓடியது. அதைத் தள்ளி வைத்தான்.

"ஏழு பேரோட பேரக் கூப்பிடறேன், நீங்க நன்னெறிப் புத்தகத்த எடுத்துப் படிங்க. மத்த பன்னெண்டு பேரும் முன்னாடி வாங்க. காரும் பலகையும் கொண்டு வாங்க."

"மறுபடியுமா சார்?" என்றான் ரயன். அவன் பன்னிரண்டில் ஒருவன். "மூணு நாளா அதே காருதான் லா."

"மறுபடியும்தான். வா, உக்காரு."

அவர்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கிளிஃபர்ட் முழங்காலிட்டு, பலகையைக் குறுக்கே வைத்து, துவாலையின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டான்.